மஞ்சள் கடுதாசிக்குப் பிறகு: தளவாய்புரத்துக் கடனாளியும் அவருடைய வக்கீலும்

ராஜபாளையத்துக்குத் தெற்கே, தளவாய்புரத்திலும் அதை ஒட்டிய செட்டியார்பட்டி, முகவூர் பகுதிகளிலும் நைட்டித் தொழில் பெரும்பாலும் கடனில்தான் ஓடுகிறது. துணி கடனுக்கு வரும். வீட்டில் மிஷின் வைத்திருக்கும் பெண்கள் பீஸ் கணக்கில் தைத்துக் கொடுப்பார்கள். தைத்த சரக்கு வெளியூர்க் கடைகளுக்கும் கடனுக்கே போகும். கடைக்காரர் பணம் அனுப்புவதற்கு முன்பே துணிக்காரருக்குக் கொடுத்த செக்கின் தேதி வந்துவிடும். அந்த இடைவெளியை அடைக்கக் கைமாற்று, புரோநோட்டு, தண்டல், வீட்டை வைத்து வாங்கிய வங்கிக் கடன், மனைவி பெயரில் குழுக் கடன் என்று ஒவ்வொன்றாகச் சேரும். 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி, 2020 மார்ச்சில் ஊரடங்கு, 2021-22இல் நூல் விலையேற்றம் என்று ஆறு ஆண்டுகளில் நான்கு அடி விழுந்தது. கையிருப்பு இல்லாத சிறு முதலாளியால் இவற்றில் ஒன்றைத் தாங்குவதே கடினம்.

அப்படி நொடித்தவர் முன் இரண்டு வழிகள் இருப்பதாக ஊர் சொல்லும். ஒன்று, இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போவது. மற்றொன்று, ஐ.பி. (நொடிப்பு மனு) கொடுப்பது, அதாவது மஞ்சள் கடுதாசி அனுப்புவது. ஐ.பி. கொடுத்துவிட்டால் கடன் முடிந்தது என்று கடனாளி நினைக்கிறார். கொடுத்தவரைக் கடன்காரர்கள் மோசடிக்காரராகவே பார்க்கிறார்கள். இரண்டு எண்ணமும் சட்டத்தோடு ஒத்துப்போகவில்லை. மனு போட்ட அன்று கடன் தீர்வதில்லை. தீரும் நாள் சில ஆண்டுகள் தள்ளியும் இருக்கலாம், வராமலும் போகலாம். வர வைப்பதுதான் வக்கீலின் வேலை. ஒரு கட்சிக்காரர் தன் வக்கீலிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை அந்த நாளை மனத்தில் வைத்துக் கணக்கிட்டால்தான் விளங்கும்.

நூறாண்டுப் பழைய சட்டம்

2016இல் நாடாளுமன்றம் நொடிப்பு மற்றும் திவால் நெறித்தொகுப்பை நிறைவேற்றியது. பெரிய கம்பெனிகளின் பெயரோடு செய்திகளில் அடிபடுவது இந்தச் சட்டம்தான். இதன் மூன்றாம் பாகம் தனிநபர்களுக்கும் கூட்டு வணிக நிறுவனங்களுக்கும் உரியது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், சொத்து 20,000 ரூபாய்க்கும், கடன் 35,000 ரூபாய்க்கும் மேற்படாத, சொந்த வீடு இல்லாத ஏழைக்குப் புதிய தொடக்கம் தரும் ஏற்பாடுகூட அதில் உண்டு. ஆனால் அந்தப் பாகத்தை அரசு முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலாக்கியது. அதை உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் சரியென ஏற்றது.

எனவே தளவாய்புரத்தில் தன் பெயரில் தொழில் செய்து நொடித்தவருக்கு இன்னும் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமே கதி. சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் உயர் நீதிமன்றமும் அங்குள்ள அபிஷியல் அசைனியும் செயல்படுகின்றனர். மற்ற மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றமும், அரசு அதிகாரம் அளித்திருந்தால் சார்பு நீதிமன்றமும் நொடிப்பு வழக்கை விசாரிக்கும். விருதுநகர் மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில் இருந்தாலும் முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. கடனாளியின் சொத்தை நிர்வகிப்பவர் அபிஷியல் ரிசீவர்.

சட்டத்தின் வயதை அதில் உள்ள தொகைகளே காட்டும். மூலச் சட்டப்படி மனுப் போட 500 ரூபாய்க் கடன் இருந்தால் போதும். சொத்தை விற்றுப் பங்கிடும்போது தொழிலாளியின் நான்கு மாதக் கூலிக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் 61ஆம் பிரிவு அதற்கு வைத்த உச்சவரம்பு மொத்தம் 20 ரூபாய். பீஸ் கணக்கில் தைத்துக் கூலி பாக்கி நிற்கும் பெண்ணுக்கு இது இன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. மீதிக் கூலிக்கு அவரும் துணிக்காரரோடும் தண்டல்காரரோடும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

முதல் சந்திப்பில் செய்ய வேண்டியது

நல்ல வக்கீல் முதல் நாளில் மனு எழுத மாட்டார், பட்டியல் எழுதுவார். யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த ஆவணத்தின் பேரில், என்ன வட்டிக்கு, யார் ஜாமீன், இதுவரை எவ்வளவு கட்டியாயிற்று என்று ஒவ்வொரு கடனையும் கேட்பார். கட்சிக்காரர் அவரிடம் முதலில் எதிர்பார்க்க வேண்டியது இந்த விசாரணையைத்தான். பத்து நிமிடம் பேசிவிட்டு, “கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி, மத்தத நான் பாத்துக்கிறேன்” என்று வக்காலத்தை நீட்டுபவரிடம் கவனமாக இருக்க வேண்டும்.

பட்டியல் எழுதும்போதே பல கடன்களின் நிறம் மாறும். கடைசியாகப் பணம் கட்டியோ எழுத்தில் ஒப்புக்கொண்டோ மூன்று ஆண்டுகள் கடந்துவிட்ட புரோநோட்டு காலாவதி ஆகியிருக்கலாம். தண்டலும் மீட்டர் வட்டியும் கந்துவட்டியும் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குற்றம். அந்தச் சட்டம் இவற்றை ஊரில் வழங்கும் பெயர்களிலேயே வரையறுத்திருக்கிறது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025இல் மாநில அரசு இன்னொரு சட்டமும் கொண்டுவந்தது. குழுக் கடனில், காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. பணக் கடனுக்கான நீதிமன்ற டிகிரிக்காகப் பெண்களைக் கைது செய்ய முடியாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு. சில குடும்பங்களுக்கு ஐ.பி.யே தேவைப்படாது. வசூல்காரருக்கு ஒரு கடிதம், காவல் நிலையத்தில் ஒரு புகார், வங்கியோடு ஒருமுறைத் தீர்வு, மக்கள் நீதிமன்றத்தில் ஒரு சமரசம் ஆகியவற்றிலேயே பாரம் பாதியாகக் குறைந்துவிடலாம். ஐ.பி. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த வக்கீலை அந்தக் காரணத்துக்காகவே நம்பலாம்.

அடுத்தது, சொத்துப் பட்டியல். எல்லாம் போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் மறைக்கத் தொடங்குகிறார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து காப்பாற்றும் பொருட்கள் நொடிப்பிலும் ரிசீவர் கைக்குப் போகாது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அதில் அடங்கும். வீட்டில் உட்கார்ந்து தைப்பவரின் ஒற்றைத் தையல் மிஷினைத் தொழிற்கருவி என்று வாதாடலாம். பத்து பவர் மிஷின் போட்ட யூனிட் முதலாளிக்கு அந்த வாதம் எளிதில் நிற்காது. எது தப்பும், எது தப்பாது என்பதை மனுவுக்கு முன்பே பொருள் பொருளாகச் சொல்லிவிட வேண்டும்.

இந்த விசாரணையில் கட்சிக்காரரும் உண்மையைச் சொல்ல வேண்டும். வக்கீலிடம் சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்ற பாதுகாப்பு பார் கவுன்சில் விதியிலும், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆம் பிரிவிலும் இருக்கிறது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. நடந்துபோன தவற்றை ஒப்புக்கொள்வதற்குப் பாதுகாப்பு உண்டு. இனி நகையை எங்கே ஒளிக்கலாம் என்று வக்கீலோடு திட்டம் போடுவதற்கு இல்லை.

நோட்டீஸ் என்னும் பொறி

மஞ்சள் கடுதாசி என்று ஊரில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி வெறும் வக்கீல் நோட்டீஸ். கட்சிக்காரர் நொடித்துவிட்டார், விரைவில் ஐ.பி. போடப் போகிறார் என்று கடன்காரர்கள் எல்லோருக்கும் பதிவுத் தபாலில் போகும். அதைக் கண்டு பயந்து பாதிக்குச் சம்மதிப்பார்கள் என்பது கணக்கு. இந்தக் கணக்கு எதிராகத் திரும்பும் இடம் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் இருக்கிறது. கடனைக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன் அல்லது நிறுத்தப் போகிறேன் என்று கடன்காரர் ஒருவருக்கு அறிவிப்புக் கொடுப்பதே நொடிப்புச் செயல் என்கிறது அது. கடன்காரர்களை ஏய்க்கும் நோக்கில் வீட்டைவிட்டுப் போவதும் அதே பட்டியலில் இருக்கிறது. நொடிப்புச் செயல் நடந்த மூன்று மாதத்துக்குள் கடன்காரரே நீதிமன்றத்துக்குப் போய் கடனாளியைத் திவாலாளியாக அறிவிக்கக் கேட்கலாம். தனக்குக் கேடயம் என்று நினைத்து அனுப்பிய காகிதம் எதிரியின் கையில் ஆயுதமாகிவிடும். இந்த விளைவைச் சொல்லாமல் நோட்டீஸ் அனுப்பும் வக்கீல் தன் கடமையில் தவறியவர்.

மனுவும் அப்படித்தான். ஒருமுறை தாக்கல் செய்தபின் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் திரும்பப் பெற முடியாது என்கிறது 14ஆம் பிரிவு. “சும்மா ஒரு மனு போட்டு வைப்போம்” என்று சொல்லும் இடம் இதுவல்ல.

ஐ.பி. எதை நிறுத்தும், எதை நிறுத்தாது

அமெரிக்காவில் திவால் மனு தாக்கலான நொடியிலேயே பெரும்பாலான வசூல் நடவடிக்கைகள் தாமாக நின்றுவிடும். அந்நாட்டுச் செய்திகளையும் படங்களையும் பார்த்தவர்கள் இங்கும் அப்படித்தான் என்று நம்பி வருகிறார்கள். 1920ஆம் ஆண்டுச் சட்டத்தில் முழுத் தடை திவால் அறிவிப்பு உத்தரவோடுதான் வரும். அதன்பிறகு நீதிமன்ற அனுமதி இல்லாமல் கடன்காரர் புதிய வழக்கும் போட முடியாது, சொத்தின் மேலும் கை வைக்க முடியாது. மனுவுக்கும் உத்தரவுக்கும் இடைப்பட்ட காலத்தில் இடைக்கால ரிசீவர் வேண்டும், ஜப்தியில் இருக்கும் சொத்தை ரிசீவரிடம் ஒப்படைக்க வேண்டும், கைதான கடனாளியை விடுவிக்க வேண்டும் என்று தனித்தனி மனுக்களை வக்கீல்தான் போட வேண்டும். உத்தரவுக்குப் பின் கைதிலிருந்து காக்கும் பாதுகாப்பு உத்தரவையும் 31ஆம் பிரிவின் கீழ் தனியே கேட்டு வாங்க வேண்டும்.

கைது என்றதும் நடுங்குபவர்களுக்கு வக்கீல் ஒன்றைத் தெளிவாகச் சொல்லலாம். 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பின்படி, கொடுக்க வழியில்லாத ஏழையை டிகிரிக் கடனுக்காகச் சிறையில் அடைக்கக் கூடாது. கையில் இருந்தும் தீய எண்ணத்தோடு கொடுக்க மறுத்ததை நிரூபிக்க வேண்டும். கைது செய்து அழைத்துவரப்பட்ட கடனாளியிடம், திவால் மனுப் போடும் உரிமை உனக்கு உண்டு என்று நீதிமன்றமே சொல்லியாக வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. ஒரு மாதத்துக்குள் மனுப் போடுவதாகப் பிணை கொடுத்தால் நீதிமன்றம் விடுவிக்கலாம்.

நிறுத்தாத பட்டியலையும் மனுவுக்கு முன்பே சொல்ல வேண்டும். வீட்டை அடமானம் வாங்கிய வங்கியின் உரிமை 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி அப்படியே நிற்கும். சர்ஃபாசி சட்டத்தின் கீழ் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வங்கி வீட்டைக் கைப்பற்றலாம். அதை எதிர்க்க வேண்டிய இடம் மதுரையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயம். ஸ்ரீவில்லிபுத்தூரில் போடும் ஐ.பி. மனு அதைத் தடுக்காது. ஜிஎஸ்டி உள்ளிட்ட அரசுப் பாக்கி விடுவிப்புக்குப் பிறகும் தொடரும். மோசடியால் வந்த கடனும் ஜீவனாம்சமும் அவ்வாறே. செக் திரும்பிய வழக்கு குற்ற வழக்கு. புதிய நெறித்தொகுப்பின் இடைக்காலத் தடைகூட அதை நிறுத்தாது என்று 2025 ஏப்ரலில் ராகேஷ் பனோட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. துணிக்காரருக்கு ஐந்தாறு செக் கொடுத்து வைத்திருக்கும் நைட்டி முதலாளிக்கு இது ஐ.பி.யைவிட அவசரமான செய்தி.

எல்லாவற்றையும்விடக் கசப்பானது ஜாமீன் விஷயம். கடனாளி விடுவிக்கப்பட்டாலும் ஜாமீன்தாரரும் கூட்டுக் கடனாளியும் விடுபட மாட்டார்கள் என்கிறது 44ஆம் பிரிவு. இங்கே ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் மைத்துனராகவோ சம்பந்தியாகவோ இருப்பார். கடன்காரரின் கை அடுத்து நீளப்போவது அவரை நோக்கித்தான். நோட்டீஸ் தன் வீட்டுக்கு வந்தபிறகு அவருக்குத் தெரிவதைவிட, மனுவுக்கு முன்பே அவரிடம் பேசிவிடச் சொல்லும் வக்கீல் உறவு முறிவதைத் தடுக்கிறார்.

வீட்டை மாற்றி எழுதச் சொல்பவர்

“வீட்டை அக்கா பேர்ல எழுதிட்டு வாங்க, அப்புறம் ஐ.பி. போடலாம்.” இந்த அறிவுரை டீக்கடையில் கிடைக்கும். வக்கீல் அலுவலகத்திலும் கிடைத்தால் எழுந்து வந்துவிடுவது நல்லது. திவால் அறிவிப்புக்கு வழிவைத்த மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள், உரிய விலை பெறாமல், நல்லெண்ணமின்றிச் செய்த சொத்து மாற்றத்தை 53ஆம் பிரிவின் கீழ் ரிசீவர் ரத்துச் செய்ய வைக்கலாம். மற்றவர்களை விட்டு ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்திருந்தால், மூன்று மாதத்துக்குள் நடந்ததை 54ஆம் பிரிவின் கீழ் செல்லாததாக்கலாம். பத்திரச் செலவு வீணாகும், வீடும் தங்காது. அதற்கு மேல் 69ஆம் பிரிவின்படி சொத்தையோ கணக்கையோ மறைத்த கடனாளிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. கட்சிக்காரரின் நேர்மைதான் கடைசியில் அவருடைய விடுவிப்பை முடிவு செய்யும். அதை முதல் நாளே கெடுப்பவர் அவருக்காக வாதாடுபவர் ஆக மாட்டார்.

உத்தரவுக்கும் விடுவிப்புக்கும் நடுவில்

கடனாளியின் மனுவில் திவால் அறிவிப்பு உத்தரவு பெறுவது அவ்வளவு கடினமானதல்ல. சட்டத்தின் நிபந்தனைகள் நிறைவேறினால் அந்த உத்தரவு கடனாளியின் உரிமை, அவருடைய நடத்தையை விடுவிப்புக் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரிவி கவுன்சில் 1916இலேயே சத்ரபத் சிங் துகார் வழக்கில் சொன்னது. அப்போதிருந்த 1907ஆம் ஆண்டுச் சட்டத்தில் உத்தரவு வாங்கியவரைக் குறிப்பிட்ட காலத்துக்குள் விடுவிப்புக் கேட்கும்படி கட்டாயப்படுத்த வழியில்லை. பாதுகாப்பை வாங்கிக்கொண்டு கணக்குக் கொடுக்காமல் இருந்துவிட முடிந்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. விடுவிப்புக்கு எத்தனை மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று திவால் உத்தரவிலேயே நீதிமன்றம் எழுத வேண்டும் என்கிறது 27ஆம் பிரிவு. அந்தக் காலத்துக்குள் போடாவிட்டாலும், போட்டு விசாரணைக்கு வராவிட்டாலும் 43ஆம் பிரிவின்படி திவால் அறிவிப்பே ரத்தாகும். அப்படி ரத்தானவர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் மறுபடி மனுப் போட முடியாது.

எதிர்பார்ப்பும் உண்மையும் மோதும் இடம் இதுதான். உத்தரவு வந்த அன்றே வழக்கு முடிந்ததாகக் கட்சிக்காரர் நினைக்கிறார். பேசிய கட்டணமும் பல நேரம் அதுவரைக்கும்தான். அதன்பின் வாய்தா தேதி யாருடைய டைரியிலும் இருப்பதில்லை. காலக்கெடு கடந்து அறிவிப்பு ரத்தானால், பழைய புரோநோட்டுகள் எல்லாம் உயிர்பெற்று வாசலுக்கு வந்துவிடும்.

விடுவிப்பு மனுவில் நீதிமன்றம் நான்கு விதமாக முடிவெடுக்கலாம். முழு விடுவிப்பு தரலாம், மறுக்கலாம், குறிப்பிட்ட காலம் தள்ளிப்போடலாம், வருங்கால வருமானத்தில் ஒரு பகுதியைக் கட்டும் நிபந்தனையோடு தரலாம். முழு விடுவிப்பைத் தரக் கூடாத காரணங்களை 42ஆம் பிரிவு அடுக்குகிறது. சொத்து மதிப்பு பாதுகாப்பற்ற கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுக்கு இல்லாமல் போனால், அந்நிலை தன் குற்றத்தால் வந்ததல்ல என்று கடனாளி காட்ட வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத் தொழிலுக்குரிய கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். நொடித்தது தெரிந்தும் தொழிலைத் தொடர்ந்தாரா, கொடுக்க வழியில்லை என்று தெரிந்தே கடன் வாங்கினாரா, சூதிலோ ஊதாரித்தனத்திலோ பணத்தைக் கரைத்தாரா என்றெல்லாம் பார்ப்பார்கள்.

ஆகவே விடுவிப்புக்கான வேலை மனு போடும் நாளுக்கு முன்பே தொடங்க வேண்டும். பில் புத்தகம், வங்கிக் கணக்கு அறிக்கை, ஜிஎஸ்டி தாக்கல், சரக்கு திருப்பி வந்ததற்கான சீட்டு, நொடித்துப்போன கடைக்காரர் தர வேண்டிய பாக்கிப் பட்டியல் ஆகியவற்றைக் கேட்டு வாங்கும் வக்கீல் எட்டணாக் கேள்விக்கு அப்போதே பதில் தயாரிக்கிறார். ஊரடங்கில் விற்ற பணம் வராமல் நின்றதைக் காகிதத்தால் காட்ட முடிந்தவருக்கும், வாயால் மட்டும் சொல்பவருக்கும் அந்த விசாரணையில் பெரிய வேறுபாடு உண்டு.

நடுக்காலத்தில் ரிசீவர் அழைக்கும்போது கட்சிக்காரர் போக வேண்டும், கணக்கை ஒப்படைக்க வேண்டும். ரிசீவர் நீதிமன்றத்துக்குத் தரும் அறிக்கை விடுவிப்பில் பெரிதும் கணக்கில் கொள்ளப்படும். கட்சிக்காரரை வக்கீல் தயார்செய்து அனுப்ப வேண்டும். குடும்பம் நடத்த வழியில்லாதபோது சொத்திலிருந்து உதவித்தொகை கேட்க 66ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. விடுவிப்புப் பெறும்வரை, தான் திவாலாளி என்பதைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது 72ஆம் பிரிவு. சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போட்டியிட முடியாது. இவற்றையெல்லாம் கட்சிக்காரர் தாமாகத் தெரிந்துகொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சமரசத்துக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கடனை நிரூபித்து, கூட்டத்துக்கு நேரிலோ வக்கீல் வழியாகவோ வந்த கடன்காரர்களில் எண்ணிக்கையில் பாதிக்கு மேலும் கடன் மதிப்பில் முக்கால் பங்கும் ஒப்புக்கொண்டால், தவணைத் திட்டத்தை நீதிமன்றம் ஏற்கலாம். துணிக்காரர்களும் கடைக்காரர்களும் பல ஆண்டுப் பழக்கமாக இருக்கும் ஊரில், வழக்காடுவதைவிட இந்தக் கூட்டத்தை நடத்தத் தெரிந்த வக்கீலுக்கு மதிப்பு அதிகம்.

கட்டணமும் கேஸ் கட்டும்

அமெரிக்கா 2005இல் கொண்டுவந்த திருத்தப்படி, தனிநபர் திவாலில் உதவும் வக்கீல் ஐந்து வேலைநாட்களுக்குள் என்ன வேலைக்கு என்ன கட்டணம் என்று எழுத்து ஒப்பந்தம் தர வேண்டும். அந்தச் சட்டம் வக்கீல்களுக்கும் பொருந்தும் என்று 2010இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இங்கே அப்படியொரு கட்டாயம் இல்லை. ஆனாலும் கேட்பதைத் தடுக்கும் விதியும் இல்லை. மனு, இடைக்கால மனுக்கள், திவால் உத்தரவு, ரிசீவர் விசாரணை, விடுவிப்பு மனு என்று கட்டம் கட்டமாகக் கட்டணத்தை எழுதி வாங்கலாம். செக் வழக்கும் தீர்ப்பாய வழக்கும் அதில் சேருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

இந்திய பார் கவுன்சிலின் விதிகள் கட்சிக்காரருக்குச் சில உறுதிகளைத் தருகின்றன. வழக்கின் முடிவைப் பொறுத்தோ, கிடைக்கும் தொகையில் பங்காகவோ வக்கீல் கட்டணம் பேசக் கூடாது. எதிர்த்தரப்புக் கடன்காரரோடு தனக்குத் தொடர்பு இருந்தால் முன்பே சொல்ல வேண்டும். ஒரே வக்கீல் வட்டிக்காரருக்கும் வங்கிக்கும் ஆஜராகும் சிறு ஊர்களில் இந்த விதிக்குப் பெருமதிப்பு உண்டு. கட்சிக்காரர் கொடுத்த பணத்துக்குக் கணக்கு வைத்து, கேட்டால் நகல் தர வேண்டும். தகுந்த காரணமும் முன்னறிவிப்பும் இல்லாமல் பாதியில் விலகக் கூடாது. கட்டணப் பாக்கி இருந்தாலும் கேஸ் கட்டைத் தடுத்து வைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று 2000ஆம் ஆண்டில் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குறை இருந்தால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொழில்நெறி தவறியதாகத் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் புகார் செய்யலாம். ஓராண்டுக்குள் முடியாத புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். தோற்ற வழக்கெல்லாம் தொழில்நெறித் தவறு ஆகாது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வக்கீல் முடிவுக்கு உத்தரவாதம் தர முடியாது. உழைப்புக்கும் உண்மைக்கும் தரலாம்.

கட்டணம் கொடுக்க முடியாதவருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. குழுக் கடனில் சிக்கிய தையல்காரப் பெண் தன் வருமானத்தை நிரூபிக்காமலே இதைக் கேட்கலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தும் வழி கேட்கலாம்.

சட்டம் மாறும்வரை

2016ஆம் ஆண்டு நெறித்தொகுப்பின் மூன்றாம் பாகத்தில் மனு தாக்கலானதுமே இடைக்காலத் தடை தொடங்கிவிடும். திவாலாளிக்குப் பொதுவாக ஓராண்டு முடிவில் விடுவிப்பு கிடைக்கும்படி திவால் அறங்காவலர் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். காலக்கெடுவைக் கவனிக்கும் பொறுப்பு கடனாளியின் தலையிலிருந்து அவர் தலைக்கு மாறுகிறது. பழைய சட்டத்தின் பெரிய பலவீனம் அங்கே சரிசெய்யப்பட்டிருக்கிறது. அதே நேரத்தில் வழக்கைக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு அனுப்புவதால், தளவாய்புரத்துக் கடனாளி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பதிலாக மதுரைக்கு அலைய வேண்டிவரும். நல்ல விதியைத் தொலைவான வாசலில் வைத்தால் ஏழைக்கு எட்டாது. அந்தப் பாகத்தை அமலாக்கும்போது மாவட்டத்திலேயே மனுவை வாங்கும் ஏற்பாடும், சட்ட உதவி மையங்களில் கடன் ஆலோசனை தெரிந்த வக்கீல்களும் சேர்ந்து வர வேண்டும்.

அதுவரை பழைய சட்டத்தின் கீழ் ஐ.பி. போடுபவர் தன் வக்கீலிடம் மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்கிவிட்டு வக்காலத்தில் கையெழுத்திடலாம். இந்த மனு என் கடன்களில் எவற்றைத் தொடாது? என் ஜாமீன்தாரருக்கு என்ன ஆகும்? விடுவிப்பு மனுவை எப்போது போடுவீர்கள், அதுவரை உங்கள் கட்டணத்தில் அடங்குமா? மூன்றாவது கேள்விக்கு எத்தனை மாதம் என்று பதில் சொல்லி அதை எழுதியும் தருபவர், ஐ.பி. என்பது எதற்காக என்று அறிந்த வக்கீல்.